துவைத்துக் கொடுத்த மூட்டை

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, சேக்காட்டுத் தெருவில் ஒரு மனுஷன் பசியோடு நடந்து போய்விட முடியாது. முடியும் என்கிறவர் நடந்து காட்டட்டும், பார்க்கலாம். தெருவுக்கு ஒரு அம்மன், அம்மனுக்கு நாலு அண்டா கூழ், அண்டாவுக்குப் பத்துப் பெண்கள், கரண்டியும் கையுமாக. பைக்கில் போகிறவனையே மறித்து நிறுத்திச் சொம்பை நீட்டுகிற ஜனங்கள். காவி கட்டிக்கொண்டு, தோளில் மூட்டையும் கையில் தடியுமாக, செருப்புகூட இல்லாமல் ஒரு சாமியார் வந்தால் விட்டுவிடுவார்களா?

மூன்று தெருக்காரர்கள் அவரைப் பங்கு போடப் பார்த்தார்கள். கடைசியில் ஜெயித்தது ராஜம்மாதான். மற்றவர்கள் எல்லாம் மரியாதையாகக் கும்பிட்டு "வாங்க சாமி, வாங்க சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் நேராகப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

"இன்னா சாமி இது, காலு இப்டி வெந்து கீது? குந்து மொதல்ல. எங்கேர்ந்து வர?"

"காலையில மாங்காட்டுல இருந்து கெளம்புனேன் தாயி."

"அய்ய, அத்த கேக்கல. ஊரு எது?"

சாமியார் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். ராமேஸ்வரத்திலிருந்து வருகிறாராம். காசிக்குப் போகிறாராம். நடந்தே. வண்டி வாகனம் எதிலும் ஏறுவதில்லை என்று விரதம். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வதும் இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆடி மாதத்தில் ஆவடிப் பக்கம் வந்து சொல்கிற பேச்சா அது? ராஜம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு சொம்பு கூழ் போயிற்று. வெங்காயம், மோர் மிளகாய், முருங்கைக்கீரையோடு இரண்டாவது போயிற்று. மூன்றாவது சொம்பில் சாமியாரின் கண்கள் லேசாகச் சொருகின.

எதிர்வீட்டு அழகேசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எல்லோருக்கும் ஏதாவது உதவி செய்தே தீருவேன் என்று நிற்கிற ஆள். அவனும் வந்து சேர்ந்தான்.

"சாமி, காசிக்கு நம்ம வண்டி போவாது. பட்டாபிராம் வரிக்கும் இட்டுகினு போய் உட்டுர்றேன். அவ்ளோ தூரம் உனுக்கு மிச்சம்தானே?"

"வண்டியில ஏறக்கூடாதுப்பா."

"நீ ஏறாத சாமி. சைடுல தொங்கிகினு வா."

"தே, போடா அப்பால," என்று ராஜம்மா அவனை விரட்டினாள்.

அவளுக்குச் சாமியாரிடம் ஒரு காரியம் இருந்தது. ராஜம்மாவின் புருஷன் கொத்தனார். போன வருஷம் சித்திரையில், பூந்தமல்லிப் பக்கம் ஒரு கட்டடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அதற்கப்புறம் எல்லாமே அவசரம். கொழுந்தனுக்கு ஒரே நாள்தான் லீவு என்று மறுநாளே அஸ்தியைக் கடலில் கரைத்து, நின்று ஒரு வார்த்தை சொல்லக்கூட விடாமல் ரயிலேற்றிக் கூட்டி வந்துவிட்டார்கள். ஒரு மனுஷனை ஒழுங்காக வழியனுப்பி வைக்கவில்லை என்கிற குறை பதினைந்து மாதமாக அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ராத்திரி தூக்கம் கிடையாது. பகலில் பக்கத்து அபார்ட்மெண்டில் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கும்போதும் அதே நினைப்புதான்.

"சாமி, நீ காசில போய் கங்கைல நிப்ப இல்ல? அப்போ எங்கூட்டுக்காரரு பேர ஒரு தபா சொல்லு சாமி. அவுரு நல்லபடியா போய்ச் சேரணும். வேற ஒண்ணும் வேணாம்."

"பேரு என்ன தாயி?"

பக்கத்தில் சொம்போடு நின்ற யுவராணி, "உலகநாதன்," என்றாள். அபார்ட்மெண்டில் முதல் மாடியில் இருப்பவள். பரமக்குடிக்காரி, அம்பத்தூரில் ஐ.டி. வேலை. ராஜம்மா பாத்திரம் தேய்க்கிற நாலு வீட்டில் அவள் வீடும் ஒன்று.

சாமியார் கண்ணை மூடி அந்தப் பேரை ஒருமுறை முணுமுணுத்தார். "கங்கையில நின்னு கட்டாயம் சொல்றேன் தாயி," என்றார்.

ராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நாலாவது சொம்பை நீட்டினாள். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லாத சாமியார் அதையும் குடித்தார்.

நாலு சொம்பு கூழ் குடித்தவன் சாமியாராக இருந்தால் என்ன, சக்கரவர்த்தியாக இருந்தால் என்ன? அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில், இரண்டு கார்களுக்கு நடுவே யுவராணி விரித்துப் போட்ட பாயில் விழுந்தார். விழுந்ததுதான் தெரியும், குறட்டை கேட் வரைக்கும் கேட்டது.

ராஜம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவ்வளவு பெரிய உபகாரம் செய்யப் போகிற மனுஷனை வெறும் கூழோடு விடுவதா? சுற்றுமுற்றும் பார்த்தாள். சாமியார் தலைமாட்டில் அந்த மூட்டை. எந்த ஜென்மத்தில் தண்ணீர் பார்த்ததோ தெரியாது. அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிரித்தால் ஒரு மாற்றுக் காவி, ஒரு துண்டு, ஒரு பித்தளைச் சொம்பு. காவியின் ஒரு மூலையில் ஏதோ முடிந்து வைத்திருந்தது. முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு கை மண். 'மண்ணு இன்னாத்துக்கு?' என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பக்கத்தில் பித்தளைச் சொம்பைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு இது விளங்காதா?

"பாவம், சொம்பு தேய்க்க மண்ண தூக்கிகினு அலையுது. இந்தக் காலத்துல யாராவது மண்ணுல தேய்ப்பாங்களா?" என்று உருகிப்போனாள். கோயில் வாசலில் கூழ் சிந்தி ஜனங்கள் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணைக் கொண்டுபோய் அங்கே தூவினாள். யாரும் விழாமல் நடந்தார்கள், அதுவும் ஒரு புண்ணியம். பிறகு துணியை நல்ல நுரை வரத் துவைத்து, வாசனைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, மாடியில் காயப்போட்டாள். முடிச்சில் வைத்துக் கட்ட, புதுசாக ஒரு பாத்திரச் சோப்பும் பச்சை நாரும் எடுத்து வைத்தாள்.

இவ்வளவும் செய்துவிட்டு, பெருமை தாங்காமல் யுவராணியிடம் போய்ச் சொன்னாள்.

யுவராணி கேட்டுக்கொண்டே வந்தவள், மண் என்றதும் நின்றாள்.

"அக்கா, மூட்டையில மண்ணா இருந்துச்சு?"

"ஆமா கண்ணு. சொம்பு தேய்க்கிற மண்ணு."

"ஐயையோ! அக்கா, அது ராமேஸ்வரத்து மண்ணுக்கா. எங்க ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ராமேஸ்வரத்துல மண் எடுத்துட்டுப் போய் கங்கையில கரைப்பாங்க. அதுக்குத்தான் காசிக்கே போறது. அந்த மண் இல்லைன்னா அவர் எதுக்குக்கா போகணும்?"

ராஜம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் கொஞ்சம் ஓட ஆரம்பித்ததும் கோயில் வாசலுக்கு ஓடினாள். அங்கே முன்னூறு பேர் மிதித்து, கூழும் மண்ணும் ஒன்றாகி, மெழுகிவிட்ட மாதிரி கிடந்தது. உட்கார்ந்து கரண்டியால் சுரண்டினாள். ஒரு கரண்டி தேறியது. அதில் பாதி கேழ்வரகு, நடுவில் ஒரு மோர் மிளகாய்க் காம்பு. அதைக் குங்குமச் சிமிழில் போட்டு மூடினாள்.

"அந்த ஊர்ல யாருக்காவது போன் போட்டு, பஸ் பார்சல்ல அனுப்பச் சொல்லலாமா?" என்றான் அழகேசன். விஷயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூடாது, அவனுக்குத் தெரியும்.

"பஸ்ல வந்தா அது வண்டில ஏறுனதா ஆயிடாதா? அறிவு கீதா உனுக்கு?" என்று ராஜம்மா பாய்ந்தாள்.

"அப்போ தோ, ரெண்டு ஊடு தள்ளி கட்றாங்களே, எம்-சாண்ட் கொட்டி கீது. ரெண்டு கை அள்ளிகினு வரேன். மண்ணு மண்ணுதானக்கா?"

"வேண்டாம்க்கா, எழுப்பி உண்மையைச் சொல்லிடலாம்," என்றாள் யுவராணி.

"சொன்னா? சாமி சாபம் உட்டுட்சின்னா? அவுரு பேர சொல்ல மாட்டேன்னுட்டா இன்னா பண்றது?" என்றாள் ராஜம்மா. அந்தப் பயம்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. சாபத்தைக்கூடத் தாங்கிக்கொள்வாள். பதினைந்து மாதத்துக்குப் பிறகு கிடைத்த ஒரே ஒரு வழி, அது அடைந்துபோனால் அவள் எங்கே போவாள்?

கல்லை அரைத்துச் செய்கிற எம்-சாண்ட் வந்தது. மாவு சல்லடையில் சலித்தார்கள். ஈரத் துணியை யுவராணி முனகிக்கொண்டே இஸ்திரி போட்டுக் காய வைத்தாள். பழைய முடிச்சு மாதிரியே கட்டி, மூட்டையைச் சாமியார் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தபோது மணி நாலு. அழகேசன் தள்ளி நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

சாமியார் எழுந்தார். முகம் கழுவினார். மூட்டையைத் தூக்கினார். தூக்கியவர் ஒரு விநாடி நின்று, காவி மூலை முடிச்சை விரலால் தடவி, ராஜம்மாவைப் பார்த்தார்.

"மூட்டை மணக்குது தாயி."

"தோச்சி போட்டேன் சாமி."

"ரொம்ப சந்தோஷம்," என்று கும்பிட்டுவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

தொலைந்தது சனியன் என்று வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். ராஜம்மாவால் முடியவில்லை. அண்டா கழுவ உட்கார்ந்தாள், கை நின்றுவிட்டது. அவள் புருஷன் சாகிற வரைக்கும் எம்-சாண்டைத் திட்டிக்கொண்டே இருந்தவர். உள்ளங்கையில் மண்ணை வைத்துத் தேய்த்துப் பார்த்து, இது இந்த ஆறு, இது அந்த ஆறு என்று சொல்லக்கூடிய மனுஷன். தங்கள் வீட்டைக் கட்டும்போது, ஆற்று மணல் இல்லாமல் ஒரு சட்டி சிமெண்டுகூடக் குழைக்க மாட்டேன் என்று ஆறு மாதம் வேலையை நிறுத்தி வைத்தவர். அவர் பேரை, போயும் போயும் எம்-சாண்டோடு சேர்த்துக் கங்கையில் விடுவதா? அங்கே போயும் அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொள்ள மாட்டாரா?

"என்னால ஆவாது," என்று எழுந்தாள். குங்குமச் சிமிழை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். சாமியார் போய் அரை மணி நேரமாகியிருந்தது.

"ஏறுக்கா, அஞ்சு நிமிட்ல புட்சிரலாம்," என்றான் அழகேசன்.

அவன் நல்லவன். ஆனால் ஓட்டுவது ஷேர் ஆட்டோ. கையும் காலும் பழகிவிட்டதல்லவா? சப்வே தாண்டினதும் இரண்டு பேர் கை காட்டினார்கள், நின்றான். சி.டி.எச். ரோட்டில் திரும்பியதும் ஒரு அம்மா மூன்று பையோடு ஏறினாள். அதற்கு அடுத்த நிறுத்தத்தில் "பட்டாபிராம், திருநின்றவூர்!" என்று கூவவே ஆரம்பித்துவிட்டான். ராஜம்மா தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். தூரத்தில் காவி தெரிந்தது. வண்டி நகர நகர, காவி சின்னதாகிக்கொண்டே போனது. நடந்து போகிற சாமியாரைத் துரத்திப் பிடிக்க முடியாத ஒரு வண்டியை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள்.

"நிறுத்துடா! உன் மூஞ்சில என் முறத்தால அடிக்க!" என்று குதித்து இறங்கி ஓட ஆரம்பித்தாள். இறங்கின வேகத்தில் ஒரு செருப்பு வண்டியிலேயே தங்கிவிட்டது. இன்னொன்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். ஐம்பத்தாறு வயசு, மூட்டு வலி, நல்ல நாளிலேயே மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள். பட்டாபிராமுக்கு முன்னால் ஒரு டீக்கடை அருகே சாமியாரைப் பிடித்துவிட்டாள்.

"சாமி! சாமி, நில்லு! நா பாவி சாமி!"

நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் காலில் விழப்போனவளைச் சாமியார் ஓரமாக இழுத்து நிறுத்தினார். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். சொம்பு, சோப்பு, கூழ், சல்லடை, எம்-சாண்ட். கடைசியில் குங்குமச் சிமிழைத் திறந்து நீட்டினாள். "உன் ராமேஸ்வரம் மண்ணுல இவ்ளோதான் சாமி தேறுச்சி. கொஞ்சம் கூழு ஒட்டி கீது."

சாமியார் சிமிழுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் உதடு துடித்தது. ராஜம்மா சாபத்துக்குத் தயாராகக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"இது ராமேஸ்வரத்து மண்ணு இல்ல தாயி. விழுப்புரம் மண்ணு."

ராஜம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

சாமியார் அங்கிருந்த மைல் கல்லில் உட்கார்ந்துகொண்டார். "தொண்டியில ஒரு அம்மா, துணியில மண்ணு ஏறிப்போச்சுன்னு உதறிக் கழுவி வச்சிருச்சு. நான் ஆடுன ஆட்டம் கொஞ்சநஞ்சமில்ல. அந்த அம்மா ஏங்கி ஏங்கி அழுதுச்சு. திரும்பி ராமேஸ்வரம் வரைக்கும் நடந்து போயி வேற மண்ணு எடுத்தேன். ஆனா அந்த அழுகை காதுலயே இருந்துச்சு, எட்டு நாள் சோறு எறங்கல. அப்புறம் அறந்தாங்கி. அங்க ஒரு வீட்டுல, யாரோ மந்திரிச்ச மண்ணுன்னு பயந்து கெணத்துல போட்டுட்டத ராத்திரி பேசிக்கிட்டாக, காதுல விழுந்துச்சு. காலையில பாத்தா முடிச்சுல செவப்பு மண்ணு. அவுக மூஞ்சியப் பாத்தேன். கேக்க மனசு வரல. விழுப்புரத்துல அந்தச் செவப்பும் போயி ஆத்து மண்ணாச்சு. இன்னைக்கு உங்க ஊரு மண்ணு."

"மொதல்லியே சொல்லித் தொலைய வேண்டிதுதான, அது சாமி மண்ணுன்னு?"

"சொல்லிப் பாத்தேன் தாயி. சொன்னா ஆளுக்கு ஒரு சிட்டிகை பிரசாதம்னு எடுத்துக்கிறாக. ஒரு ஊரு தாங்கல."

ராஜம்மா யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது.

"அப்போ, மூட்டைய தூக்கசொல்லோவே உனுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினே ரொம்ப சந்தோஷம்னு கும்புட்டுட்டு வந்த?"

"ஆமா தாயி."

"நல்லா கீதே நியாயம்! மத்தியானத்துலேர்ந்து செத்து செத்துப் பொழைக்கிறேன் நானு! ஊட்ல அண்டா கழுவல, செருப்பு ரெண்டும் போச்சு, மூட்டு ரெண்டும் போச்சு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா? நீயெல்லாம் ஒரு சாமி!"

டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாமியார் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கட்டிக்கொண்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தினபோது, "தப்புதான் தாயி, மன்னிச்சுக்க," என்றார். "எத்தனையோ பேரு மாத்தி வச்சாக. ஓடி வந்து சொன்னது நீ ஒருத்திதான்."

கோபம் வடிந்ததும் பழைய பயம் திரும்ப வந்து நின்றது. ராஜம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எம்-சாண்ட வச்சிகினு சொன்னா, அவுருக்குப் போய்ச் சேருமா சாமி?"

"சத்தியமா எனக்குத் தெரியாது தாயி. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நடக்கிறதுதான். மண்ணு எது இருந்தாலும் நான் போறது போறதுதான். பேரு சொல்றது சொல்றதுதான்." சாமியார் தாடியைச் சொறிந்தார். "ஆனா ஒண்ணு. தப்பா எடுத்துக்கக் கூடாது. வழி நெடுக நூத்துக்கணக்குல பேரு குடுத்திருக்காக. உங்க வீட்டுக்காரர் பேரு மறந்துபோச்சு."

ராஜம்மா பேயறைந்தவள் போல நின்றாள். அவர் மறந்ததற்காக இல்லை. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் புருஷன் பேரைச் சொன்னதே கிடையாது. "தே", "இன்னா", "உன்னத்தான்" என்றே காலம் போயிற்று. ரேஷன் கடையில் கார்டை நீட்டுவாள். பேங்கில் பக்கத்தில் நிற்கிறவரைப் படிக்கச் சொல்வாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதுகூட அழுதுகொண்டே அவர் சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஆள் போன பிறகும் அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை.

இப்போது கார்டு இல்லை. யுவராணி இல்லை. அழகேசன் எந்த நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறானோ தெரியாது.

உதட்டை அசைத்தாள்.

"கேக்கல தாயி."

இன்னொரு முறை சொன்னாள். ஒரு லாரி அதை வாரிக்கொண்டு போயிற்று. சாமியார் காதில் கை வைத்துக்கொண்டு குனிந்தார். ராஜம்மா கண்ணை மூடினாள். சி.டி.எச். ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"உலகநாதன்! உலகநாதன், சாமி!"

"உலகநாதன்," என்று சாமியார் திருப்பிச் சொன்னார். "சரிதானே?"

"சரிதான்."

அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு, திருநின்றவூர்ப் பக்கம் நடந்து போனார். ராஜம்மா திரும்பிச் சேக்காட்டைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் அழகேசன் எதிரே வந்து, ஒற்றைச் செருப்பைக் காட்டி "ஏறுக்கா" என்றான். வேண்டாம், நீ போ என்று கையை ஆட்டினாள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே நடந்தாள், நடந்துகொண்டே பேசினாள்.

"உலகநாதா," என்றாள். "யோவ், உலகநாதா, உனுக்காவ இன்னிக்கு நா செருப்பு இல்லாம நடுரோட்ல ஓடிகிறேன், தெர்யுமா உனுக்கு?"